மரத்துப் புல்லுருவியும் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லுருவி என்றால் சரியாக எது?

மரக்கிளையில் விழுந்த விதை அங்கேயே முளைத்து, கிளையின் பட்டையைத் துளைத்து உள்ளே போய், மரத்தின் நீரையும் அதில் கரைந்த தாது உப்புகளையும் உறிஞ்சி வாழும் செடி. துளைத்து உள்ளே போகும் அந்த உறுப்புக்கு உறிஞ்சு வேர் என்று பெயர். இலை பச்சையாக இருக்கிறதே, அப்புறம் ஏன் ஒட்டுண்ணி என்கிறோம் என்று கேட்பார்கள். பெரும்பாலான புல்லுருவிகள் தங்களுக்கு வேண்டிய மாவுச்சத்தைத் தாங்களே ஒளிச்சேர்க்கையால் தயாரித்துக்கொள்கின்றன, பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான் திருட்டு. அதனால் அரை ஒட்டுண்ணி என்று சொல்வதே சரி.

உலகம் முழுக்க ஆயிரத்து முந்நூறுக்கு மேல் புல்லுருவி இனங்கள் இருக்கின்றன. எல்லாமே சந்தன மரம் இருக்கும் அதே தாவர வரிசையைச் சேர்ந்தவை. சந்தனமும் அரை ஒட்டுண்ணிதான். என்ன, அது பக்கத்து மரத்தின் வேரில் மண்ணுக்கடியில் கை வைப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை, கெட்ட பெயரும் வாங்குவதில்லை!

மரத்தின் மேல் வளர்வதெல்லாம் புல்லுருவியா?

இல்லை. ஆர்க்கிட், பெரணி, பாசி எல்லாம் கிளையை உட்காரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்கின்றன, மரத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. பறவை எச்சத்தில் விழுந்து மரப்பொந்தில் முளைக்கும் ஆலும் அரசும்கூட ஒட்டுண்ணி அல்ல, ஆனால் வேர் தரையைத் தொட்டபின் தாங்கிய மரத்தை நெரித்துவிடும். மஞ்சள் நூல் போலப் படரும் அம்மையார் கூந்தல் ஒட்டுண்ணிதான், ஆனால் அது வேறு குடும்பம்.

அடையாளம் காண்பது சுலபம். மரத்தின் இலையோடு ஒட்டாத நிறத்தில் ஒரு அடர்ந்த கொத்து, அது கிளையோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு. மரம் இலை உதிர்த்து நிற்கும் பருவத்தில் பார்த்தால் இந்தக் கொத்து மட்டும் பச்சையாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் மட்டும் கொஞ்சம் கஷ்டம், அங்குள்ள பல புல்லுருவிகளின் இலை அவை தங்கியிருக்கும் மரத்தின் இலையைப் போலவே இருக்கும்.

பறவைகளுக்கு இதில் அப்படி என்ன கிடைக்கிறது?

பழம், தேன், கூடு கட்ட இடம், பூச்சி. இதில் பழத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சர்க்கரையோடு புரதமும் கொழுப்பும் சேர்ந்த பழங்கள் இவை. அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது அவை கிடைக்கும் காலம். புல்லுருவிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் பெரிதாகத் தெரியாது, மரம்தான் கொடுக்கிறதே. அதனால் சுற்றியுள்ள செடிகள் பூக்காமல் காய்க்காமல் கிடக்கும் மாதங்களிலும் பல புல்லுருவிகள் பூத்துக் காய்க்கின்றன. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் மிசில் த்ரஷ் என்ற பூங்குருவி புல்லுருவி பிடித்த ஒரே ஒரு மரத்தைத் தனதாக்கிக்கொண்டு, வேறு எந்தப் பறவையையும் அண்டவிடாமல் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்கும். தென் அமெரிக்காவின் தெற்குக் கோடிக் காடுகளில் குளிர்காலத்தில் பூக்கும் ஒரு புல்லுருவியை நம்பித்தான் அங்குள்ள ஓசனிச்சிட்டு அந்தப் பருவத்தை ஓட்டுகிறது.

புல்லுருவியைத் தின்பவை என்று 66 பறவைக் குடும்பங்களும் 30 பாலூட்டிக் குடும்பங்களும் பதிவாகியிருக்கின்றன. இது 2001-இல் டேவிட் வாட்சன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் தொகுத்த கணக்கு. கவனிக்க, இனங்கள் அல்ல, குடும்பங்கள்.

கூடு விஷயமும் சாதாரணமல்ல. எப்போதும் பச்சையாக இருக்கும் அடர்ந்த கொத்து, வெயிலையும் மறைக்கும், கூட்டைத் திருடவரும் கண்களையும் மறைக்கும். பழத்தைத் தொடாத பறவைகள்கூட அதில் வந்து கூடு வைக்கும்.

விதையைப் பறவைதான் பரப்புகிறது என்கிறார்களே, எப்படி?

விதையைச் சுற்றி விஸ்கின் என்ற பசை இருக்கிறது. சாதாரணப் பசை இல்லை, இழுத்தால் நூலாக நீளும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இந்தப் பழத்திலிருந்தே பசை காய்ச்சிக் கிளையில் பூசி, சின்னப் பறவைகளைப் பிடித்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு ஒட்டும். பறவையின் வயிற்றைக் கடந்து வந்தபின்னும் பசை போகாது. எச்சம் பின்புறத்திலேயே ஒட்டித் தொங்கும்போது பறவைக்கு வேறு வழியில்லை, கிளையில் தேய்த்துத்தான் ஆகவேண்டும். செடிக்கு வேண்டியதும் அதுதான், விதை தரையில் விழுந்தால் அதற்கு எதிர்காலமே கிடையாது.

இந்த வேலையில் கைதேர்ந்தவை பூக்கொத்திகள். தெற்காசியாவின் வெளிர் அலகுப் பூக்கொத்தி எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் டென்ட்ரோப்தோ என்ற புல்லுருவி மாமரம் தொடங்கி நூற்றுக்கணக்கான மர வகைகளில் பரவியிருப்பதில் இந்தப் பொடிப் பறவைக்குப் பெரும் பங்கு உண்டு. பூக்கொத்திகளின் வயிற்று அமைப்பே இதற்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. பூச்சியைத் தின்றால் அது அரைப்பைக்குள் போகும், பழத்தைத் தின்றால் அரைப்பைக்குள் நுழையாமல் நேராகக் குடலுக்குப் போய்விடும். விதை சில நிமிடங்களிலேயே, கொஞ்சமும் சேதமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது.

கொங்கணப் பகுதியில் தேன்சிட்டுகளும் பூக்கொத்திகளும் புல்லுருவியைப் பரப்பும் விதத்தை சாலிம் அலி 1931-லேயே கட்டுரையாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு வேலைப் பிரிவினை உண்டு: தேன்சிட்டு பூவில் தேன் குடித்து மகரந்தத்தைக் கடத்தும், பூக்கொத்தி பழத்தைத் தின்று விதையைக் கடத்தும். ஆனால் நீலகிரியில் பிரியா தாவிதார் என்ற ஆய்வாளர் 1983-இல் காட்டியது இன்னும் சுவாரசியம். அங்கே பூக்கொத்தியையே மகரந்தத்துக்கும் நம்பியிருக்கும் சில புல்லுருவிகளின் பூ, பழத்தைப் போன்ற தோற்றத்தில் இருக்கிறது. பழம் தேடி வரும் பறவை பூவையும் கொத்திவிட்டுப் போகும். ஒரே ஆளிடம் இரண்டு வேலையையும் வாங்கிக்கொள்கிற செடி!

எல்லாப் பறவையும் விழுங்குவதும் இல்லை. ஐரோப்பாவின் பிளாக்கேப் என்ற கரும்தொப்பிக் குருவி பழத்தோலை மட்டும் தின்றுவிட்டு, விதையை அலகோடு கிளையில் துடைத்துவிடும். கிளையில் நேராகத் துடைப்பதால் விதைக்கு அது இன்னும் வசதி.

காட்டிலிருந்து புல்லுருவியை மொத்தமாக எடுத்துவிட்டால் பறவைகள் குறையுமா?

குறையும். இதை யூகமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்குப் பகுதியில், பண்ணை நிலங்களுக்கு நடுவே தீவு தீவாக மிஞ்சி நிற்கும் யூகலிப்டஸ் காடுகளில், மேலே சொன்ன வாட்சனும் அவர் சகா மேத்யூ ஹெரிங்கும் 17 காட்டுத் துண்டுகளில் இருந்த புல்லுருவி முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு காட்டுத் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பறவைகளை எண்ணினால், வெட்டிய காடுகளில் பறவை இனங்கள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. ஆண்டு முழுக்கக் காட்டையே நம்பி வாழும் இனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கால் பங்குக்கு மேல் காணோம். முடிவுகள் 2012-இல் வெளிவந்தன.

இதில் தலையைச் சொறிய வைத்த விஷயம் என்னவென்றால், குறைந்ததில் பெரும்பகுதி பழம் தின்னும் பறவைகள் இல்லை, தரையில் பூச்சி பொறுக்கித் தின்னும் பறவைகள். மரத்தின் உச்சியில் இருந்த கொத்தை வெட்டினால் தரையில் மேயும் பறவை ஏன் போக வேண்டும்?

அவர்கள் சொல்லும் விளக்கம் இலைச்சருகு. மரங்கள் இலையை உதிர்க்கும் முன் அதிலிருக்கும் சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், சொந்த உழைப்பில் சேர்த்ததை வீணாக்க மனம் வராது. புல்லுருவிக்கு அந்தக் கவலை இல்லை. வாங்கியது எல்லாம் ஓசி, அதனால் சத்தோடு சேர்த்தே இலையை உதிர்க்கிறது, அதுவும் வருடம் முழுக்க. அந்தச் சத்துச் சருகு விழும் இடத்தில் மண் கொழுக்கிறது, பூச்சி பெருகுகிறது, அதைத் தேடிப் பறவை வருகிறது. அதாவது ஆழத்திலிருந்து மரம் இழுத்த சத்தை, புல்லுருவி பிடுங்கித் தரைக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் திருட்டு, தரையின் பக்கம் நின்று பார்த்தால் வேறு கதை.

புல்லுருவியை மரத்தின் நோய் என்று மட்டும் பார்ப்பது தவறு என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இந்த ஆய்வுதான்.

எல்லாக் காட்டிலும் இப்படித்தானா?

வழி வேறு, முடிவு கிட்டத்தட்ட ஒன்று. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் ஊசியிலை மரங்களில் வளரும் குள்ளப் புல்லுருவிக்கு விதை பரப்பப் பறவை பெரிதாகத் தேவையில்லை, பழம் வெடித்து விதையைப் பல மீட்டர் தூரம் சுட்டுத் தள்ளிவிடும். ஆனாலும் அது தாக்கிய மரத்தில் கிளைகள் கன்னாபின்னாவென்று பிரிந்து துடைப்பக்கட்டு மாதிரி ஆகிவிடும், அந்தத் துடைப்பத்தின் மேல் வடக்கு ஸ்பாட்டட் ஆந்தை போன்றவை முட்டையிடும். கொலராடோவில் 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பாண்டரோசா பைன் காடுகளில் இந்தப் புல்லுருவி அதிகமாக இருந்த இடங்களில்தான் பறவைகளும் அதிகமாக இருந்தன. சில மரங்கள் செத்துப் பட்டுப்போகும், பட்ட மரத்தில் மரங்கொத்தி பொந்து போடும், அந்தப் பொந்தில் அடுத்து வேறு பறவை குடியேறும்.

மர வியாபாரத்துக்காக வளர்க்கும் காட்டில் இதே குள்ளப் புல்லுருவி பெரிய நஷ்டம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. கேள்வி என்னவென்றால், அந்தக் காடு எதற்காக இருக்கிறது என்பது.

நகர மரங்களில் மட்டும் புல்லுருவி அதிகமாகத் தெரிகிறதே, ஏன்?

எல்லா நகரத்திலும் அதிகம் என்று சொல்ல முடியாது, சில நகரங்களில் தேடினாலும் கிடைக்காது. மெக்சிகோ நகரம் மாதிரி சில இடங்களில் மட்டும் மரம் மரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணங்கள் பல சேர்ந்து வரும்.

முதல் காரணம் வெளிச்சம். புல்லுருவிக்கு நல்ல வெயில் வேண்டும், தெருவோரத்தில் தனித்தனியாக நிற்கும் மரத்தில் எல்லாப் பக்கமும் வெயில்தான். அடுத்தது பறவையின் பழக்கம். உட்கார மரங்கள் குறைவாக இருக்கும்போது அதே சில மரங்களில்தான் எல்லாப் பறவையும் வந்து உட்காரும், எச்சமும் அங்கேயே விழும். ஏற்கெனவே புல்லுருவி பிடித்த மரத்தைத் தேடித்தான் பழந்தின்னி வரும் என்பதால், பிடித்த மரத்திலேயே மேலும் மேலும் பிடிக்கும், பக்கத்து மரம் தப்பித்து நிற்கும். காட்டில் இதை அளவோடு வைத்திருக்கும் தீயும், இலையைத் தின்னும் விலங்குகளும் நகரத்தில் இல்லை. தீ விஷயத்தில் புல்லுருவி ரொம்ப பலவீனம், எரிந்தால் பல இனங்கள் மறுபடி துளிர்க்காது, வேறு இடத்திலிருந்து பறவை விதை கொண்டுவந்தால்தான் உண்டு.

கடைசியாக, மரத்தின் நிலைமை. வேரைச் சுற்றி சிமென்ட், தண்ணீர் போதாது, கண்டபடி வெட்டிய கிளைகள். இப்படி ஏற்கெனவே தள்ளாடும் மரத்தில் புல்லுருவி ஏறினால், மரம் பட்டுப்போனதற்கு முழுப் பழியும் அதன் மேல் விழுகிறது.

நகரப் பறவைகளுக்கு அது உதவுகிறதா?

உதவும். ஆனால் காட்டில் நடக்கிற அளவுக்கு நகரத்தில் எதிர்பார்க்காதீர்கள். சருகு விழுந்து மண் கொழுக்கும் கதை சிமென்ட் தரையில் நடக்காது, விழுந்த சருகையும் காலையில் கூட்டி அள்ளிவிடுவார்கள். பழம், தேன், கூடு இந்த மூன்றும் நடக்கும். பூந்தோட்டம் குறைந்த பகுதியில் பூக்கொத்தி, தேன்சிட்டு, கொண்டைக்குருவி போன்றவை தங்குவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கிறது.

மெல்போர்ன் நகரத்தில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். தெருக்களில் வரிசையாக நிற்கும் பிளேன் மரங்கள் வெளியூர் இனம், நிழல் தரும், ஆனால் உள்ளூர்ப் பறவைகளுக்குத் தின்ன அதில் ஒன்றுமில்லை. அதனால் உள்ளூர்ப் புல்லுருவி ஒன்றின் விதைகளை அந்த மரங்களில் வேண்டுமென்றே ஒட்டினார்கள். ஒட்டியதில் கொஞ்சம்தான் பிழைத்தது. மரத்தை மாற்றாமலேயே அதற்குள் உள்ளூர்ச் செடி ஒன்றைக் குடிவைக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இது மரங்கள் திடமாக இருக்கும் இடத்துக்கு மட்டுமே சரிவரும். உங்கள் தெருவில் நீங்களாக முயற்சி செய்யாதீர்கள்.

மரம் செத்துவிடாதா?

ஒன்றிரண்டு கொத்து இருந்தால் நல்ல மரத்துக்கு ஒன்றும் ஆகாது. கொத்துக்கு அப்பால் உள்ள கிளைநுனி மெலியலாம், காய்ந்து போகலாம். நிறையப் பிடித்தால் கதை மாறும். மரம் தண்ணீரை மிச்சப்படுத்த இலைத்துளைகளை மூடும் நேரத்திலும் புல்லுருவி தாராளமாக நீராவியை விட்டுக்கொண்டே இருக்கும். வறட்சி வரும் ஆண்டில், தலை நிறையப் புல்லுருவி சுமக்கும் மரம்தான் முதலில் விழும்.

மரம் செத்தால் புல்லுருவியும் கூடவே சாகும், இதை மறந்துவிடக்கூடாது. தாங்கும் மரத்தை விரைவில் கொல்வது அதற்கே லாபமில்லை.

மரத்துக்கு இதனால் எந்த நன்மையும் இல்லையா?

அந்தத் தனி மரத்துக்கு இல்லை. ஆனால் அமெரிக்காவின் வடக்கு அரிசோனாவில் ஜூனிபர் மரங்களில் ஒரு விசித்திரம் கண்டார்கள். ஜூனிபர் பழத்தையும் அதன் மேலிருக்கும் புல்லுருவிப் பழத்தையும் ஒரே பறவைதான் தின்கிறது, டவுன்சென்ட் சாலிடேர் என்று பெயர். ஜூனிபர் காய்ப்பது ஒரு வருடம் உண்டு ஒரு வருடம் இல்லை, புல்லுருவி ஒழுங்காகக் காய்க்கும். அதனால் புல்லுருவி நிறைந்த பகுதிக்குப் பறவை வருடா வருடம் வந்தது, அங்கே ஜூனிபர் நாற்றுகள் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தன. தாய்மரம் கஷ்டப்பட்டாலும் பிள்ளைகள் பெருகுகின்றன.

பறவைகளை விரட்டினால் புல்லுருவி நிற்குமா?

நிற்காது, முடியவும் முடியாது. வேண்டாம்.

மருந்து அடித்தால்?

மேலே தெரியும் இலை உதிரும், உள்ளே இருக்கும் உறிஞ்சு வேர் அப்படியே இருக்கும், மறுபடி துளிர்க்கும். கடுமையான களைக்கொல்லி என்றால் மரத்துக்கும் போய்ச் சேரும், ஏனென்றால் இரண்டும் ஒரே குழாயில் இணைந்தவை. அதே மரத்தில் பழம் தின்ன வரும் பறவையையும் யோசியுங்கள்.

சரி, வெட்டலாமா? எப்படி வெட்டுவது?

தேவையென்றால் வெட்டலாம். கொத்தை மட்டும் பிய்த்து எறிவதில் பயனில்லை, அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து மரத்தின் பக்கமாகக் குறைந்தது ஒரு அடி உள்ளே தள்ளிக் கிளையை வெட்ட வேண்டும், உறிஞ்சு வேர் பட்டைக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். சில இனங்கள் கிளையின் மேலேயே வேர் படர்ந்து அங்கங்கே ஒட்டிக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தண்டிலேயே பிடித்திருந்தால் தண்டை வெட்ட முடியாது, கொத்தை அவ்வப்போது நறுக்கிச் சிறிதாக வைத்திருப்பதுதான் வழி.

வெட்டுவதற்கு முன் கொத்துக்குள் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குஞ்சு பறக்கும் வரை பொறுங்கள், மரம் அதற்குள் சாகாது. பழம் பழுப்பதற்கு முன் வெட்டினால் அடுத்த மரத்துக்குப் போகும் விதையும் குறையும். உயரமான மரம், மின்கம்பி பக்கம் என்றால் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

பழம் விஷம் என்கிறார்களே, பறவைக்கு ஒன்றும் ஆகாதா?

ஐரோப்பிய, அமெரிக்கப் புல்லுருவிகள் சிலவற்றில் மனிதர்களுக்கு ஒவ்வாத நச்சு உண்டு. பறவைகள் அதே பழத்தை வயிறு முட்டத் தின்று நன்றாகவே இருக்கின்றன. பறவை தின்கிறதே என்று குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பறவை குறைந்தால் புல்லுருவிக்கு என்ன ஆகும்?

அதுவும் குறையும், அழிந்தும் போகும். நியூசிலாந்தில் பெராக்சில்லா என்ற புல்லுருவிகளின் பூமொட்டைத் தூயி, பெல்பேர்ட் என்ற பறவைகள் அலகால் திருகினால் அது சட்டென்று திறக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்த எலியும் ஸ்டோட் என்ற சிறு வேட்டை விலங்கும் பறவைகளைக் குறைத்ததில், திறக்கப்படாத மொட்டுகள் அதிகமாகி விதை குறைந்தது. அதே நாட்டில் ட்ரிலெப்பிடியா என்ற இன்னொரு புல்லுருவி 1954-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் ரீஜென்ட் ஹனிஈட்டர் என்ற பறவை, ஆற்றோரச் சவுக்கு மரங்களில் இருக்கும் புல்லுருவியில் தேன் குடிக்கும், அதிலேயே கூடும் கட்டும். காட்டுத்தீயில் புல்லுருவி அழிந்த இடங்களில், இந்தப் பறவைக்காக அதை மனிதர்களே மறுபடி மரத்தில் ஏற்றிவருகிறார்கள்.

எங்கள் மரத்தில் இரண்டு மூன்று கொத்துதான் இருக்கிறது, என்ன செய்வது?

மரம் பச்சையாக, புதுத்துளிர் விட்டுக்கொண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அண்ணாந்து எண்ணிப் பாருங்கள், கூடிக்கொண்டே போனால் சிலவற்றை எடுத்துச் சிலவற்றை விடுங்கள். வேரைச் சுற்றியிருக்கும் சிமென்ட்டைக் கொஞ்சம் உடைத்து, கோடையில் தண்ணீர் விட்டால், பாதிக் கொத்தை வெட்டுவதைவிட மரத்துக்கு அது அதிகம் உதவும்.